பதினாறாம் வாசல்

லியாவ் குவாங்-சி ஒரு மின்சுற்று போர்டை வரைந்தால் அதில் பிழை இருக்காது என்பது சிஞ்சு நகரத்தில் அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடி முழுக்கத் தெரிந்த விஷயம். தெரியாதவர்களுக்கு லியாவே சொல்லிவிடுவார். இருபத்துநாலு வருஷ சர்வீஸ். அவர் தயாரித்த சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று உண்டு, மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு வரி. யார் வரைந்த படமானாலும் ஒவ்வொரு வரிக்கும் சிவப்புப் பேனாவில் டிக் அடித்துக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் போர்டு தொழிற்சாலைக்குப் போகும். டிக் கொஞ்சம் கோணலாக விழுந்திருந்தால்கூட, "இத பாத்துட்டு அடிச்சியா, ஸ்கூட்டர் ஓட்டிக்கிட்டே அடிச்சியா" என்று கேட்டு ஆளைக் கூசவைப்பார்.

அப்பேர்ப்பட்டவர் ஒன்பது நாளாக, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு சிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

வேலை என்னவோ எளிமையானதுதான். தொழிற்சாலைகளில் மாட்டுகிற நெட்வொர்க் பெட்டி ஒன்று. கேபிள் செருகப் பதினாறு வாசல். எந்த வாசலில் வந்த செய்தி எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று பிரித்துவிடுவது ஸ்விட்ச் சிப். அதற்கு உத்தரவு போடுவது பக்கத்தில் இருக்கும் புராசசர். இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பிக்கூட்டம், தொழிலில் பஸ் என்பார்கள். அதில் சில கம்பிகள் சிப்புக்குள் எந்த அறை என்று சொல்லும். மீதிப் பதினாறு கம்பிகள் அந்த அறையில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லும். பார்க்கப்போனால் பதினாறு கோட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு இழுக்கிற வேலை. அதற்குத்தான் மாதம் பிறந்தால் லியாவுக்குச் சம்பளம்.

முதல் நாள் போர்டுக்குக் கரண்ட் கொடுத்ததும் சிப்பிடம் அதன் அடையாள எண்ணைக் கேட்டார். சிப்போடு வந்த கையேட்டுப் புத்தகத்தில் போட்டிருந்தபடி 9669 என்று திரையில் வந்து நின்றது. முதல் கேள்விக்கே சரியான பதில். லியாவ் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, மாடியில் இருந்த இருபத்திரண்டு பேருக்கும் பால் டீ சொன்னார். யாருக்கு முழுச் சர்க்கரை, யாருக்கு அரைச் சர்க்கரை, யாருக்கு ஐஸ் வேண்டாம் என்று தாளில் குறித்துக்கொண்டு சுற்றிவந்தபோது அவர் நடையில் ஒரு மாப்பிள்ளைக் களை இருந்தது.

இரண்டாம் நாள் சிப்புக்குள் எண்களை எழுதி, எழுதியதையே திரும்பப் படித்துப் பார்த்தார். ஆயிரம் முறை எழுதினார், ஆயிரம் முறையும் எழுதியது எழுதியபடியே வந்தது. மூன்றாம் நாள், "முதல் வாசலைத் திற" என்று உத்தரவு போட்டார். திறக்கவில்லை. முதல் வாசலில் கேபிளைச் செருகினால் பச்சை விளக்கு எரிய வேண்டும், எரியவில்லை. உத்தரவு போய்ச் சேர்ந்ததா என்று கேட்டால் சேர்ந்தது என்கிறது. என்ன உத்தரவு என்று கேட்டால் சரியாகத் திருப்பிச் சொல்கிறது. செய்வது மட்டும் இல்லை. வீட்டில் குப்பைப் பையை எடுத்துக்கொண்டு கீழே போகச் சொன்னால் லியாவும் சரி சரி என்று சொல்லிவிட்டு சோபாவிலேயே இருப்பார். ஆனால் அது அன்றைக்கு அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

"சிப்புல கோளாறு" என்று மூன்றாம் நாள் மாலையே சொல்லிவிட்டார்.

சிப் செய்யும் நிறுவனம் இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு சின்ன இடம். அன்று மாலையே அவர்கள் அனுப்பிய பெண்ணின் பெயர் யென் சியூ-யுன். முப்பது வயதிருக்கும், முதுகில் பெரிய பை, கையில் ஒரு வெந்நீர்க் குடுவை. சிப் வாங்குகிறவர்களுக்கு வரும் சந்தேகங்களைத் தீர்த்துவைப்பது அவள் வேலை. வாங்குகிறவர்கள் திட்டினால் கேட்டுக்கொள்வதும் அதே வேலையில் சேர்ந்ததுதான். தினம் காலை வந்து லேபில் ஓரமாக உட்காருவாள். மூணு மணி ஆனால், விற்க வந்தவர்கள் செய்கிற வழக்கப்படி, அத்தனை பேருக்கும் டீ வாங்கி வருவாள். லியாவுக்கு அரைச் சர்க்கரை, ஐஸ் இல்லாமல். ஒரு முறை சொன்னது, மறக்கவேயில்லை.

"லியாவ் சார், ஒங்க போர்டு படம் ஒரு தடவ பாக்கலாமா?" என்று வந்த அன்றே கேட்டாள்.

"படத்துல என்ன பாக்கப் போறீங்க, மிஸ் யென்? நீங்க இஸ்கூல் போகும்போதுல இருந்து நான் படம் வரையறேன்."

"சும்மா, பஸ் பக்கம் மட்டும்."

"பஸ் நல்லாத்தான் இருக்கு. அடையாள எண் சரியா வருது, எழுதினது அப்படியே வருது. கம்பி தப்பா இருந்தா இதெல்லாம் வருமா?"

நாலாம் நாள் மறுபடி கேட்டாள். ஐந்தாம் நாள் வேறொன்று கேட்டாள். "சார், ஒவ்வொண்ணா வேணாம், பதினாறு வாசலையும் ஒரே அடியா திறந்து பாக்கலாமா?"

"இந்த லேபுல ஒவ்வொண்ணாத்தான் திறப்போம். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார் லியாவ். அவள் தலையாட்டிவிட்டு வெந்நீரைக் குடித்தாள்.

ஏழாம் நாள் மாடிப்படி ஓரமாக அவள் தன் மேலாளரோடு போனில் பேசிக்கொண்டிருந்தது லியாவின் காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை, படியில் இறங்கும்போது கொஞ்சம் மெதுவாக இறங்கினார், அவ்வளவுதான்.

"தெரியும் சார். இவங்க ஒருத்தங்கதான் இந்த சிப்ப வாங்கறாங்க. இவங்க வேணாம்னுட்டா குரூப்பையே மூடிடுவீங்கன்னு தெரியும். சரி சார். வியாழக்கெழமை மீட்டிங்குல வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா வெள்ளிக்கெழமை மேசைய காலி பண்ணிடறேன்."

லியாவுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் கோளாறான சிப்பை இரக்கத்துக்காக வாங்க முடியுமா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு, முடியாது என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டு, சிப்பின் குறைகளைப் பற்றி ஆறு பக்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதி முடித்தார். லியாவின் மேலாளர் ஹுங் வேறொரு நிறுவனத்தின் சிப்பை ஏற்கெனவே வரவழைத்து மேசையில் வைத்திருந்தார். வியாழக்கிழமை இரண்டு மணிக்கு அறிக்கையைப் படித்துவிட வேண்டியதுதான் பாக்கி.

இதற்கு நடுவே, நியாயமாகச் செய்ய வேண்டிய மற்றொன்றையும் செய்தார். போர்டின் மேல் சாய்த்துவைத்திருந்த தேங்காய் நொறுக்குத்தீனிப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். அந்த ஊர் வழக்கப்படி, எந்த இயந்திரமும் சொன்ன பேச்சைக் கேட்க வேண்டுமென்றால் பச்சைப் பொட்டலம் ஒன்று அதன் மேல் இருக்க வேண்டும். சமர்த்தாக இரு என்பதுதான் அந்தத் தின்பண்டத்தின் பெயரே. பச்சைதான் வேண்டும், மஞ்சளோ சிவப்போ வைத்தால் விளக்கும் அதே நிறத்தில் எரிந்து தொலைக்கும். தேதி முடிந்திருக்கக் கூடாது. முடிந்து நாலு நாளாகியிருந்தது. லியாவ் பட்டப்படிப்பில் மின்னணுவியல் முதல் வகுப்பு. கீழே கடைக்கு ஓடிப் போய்ப் புதிய பொட்டலம் வாங்கிவந்து, கொஞ்சம் பெரிய அளவாகவே வாங்கிவந்து, போர்டின் இடது பக்கம் முட்டுக்கொடுத்து வைத்தார்.

வியாழக்கிழமை மதியம். பன்றி விலா எலும்பும் முட்டைக்கோசும் வைத்த டப்பாச் சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்ததும், வழக்கம் போல மாடி முழுக்க விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் மேசையில் தலையணை போட்டுக் கவிழ்ந்தார்கள். லியாவுக்குத் தூக்கம் வரவில்லை. லேபில் உட்கார்ந்து, அறிக்கையின் ஆறாம் பக்கத்தில் "கடுமையான" என்ற சொல்லை எடுக்கலாமா வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். பற்றவைக்கும் மேசையில் ஆ-ஜூ அக்கா மட்டும் விழித்திருந்தார். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் தலைமுடியைவிட மெல்லிய கம்பியைப் பற்றவைக்கிற கை அவருடையது. முப்பது வருஷமாகத் தூங்க வேண்டிய நேரத்தில்தான் மேசையைத் துடைப்பார்.

துடைப்பதற்காக போர்டின் கேபிளைப் பிடுங்கினார். துடைத்தார். மறுபடி செருகப் போனவர் நின்றார்.

"தம்பி, ஒம் பொட்டலம் மொத வாசல மறச்சிக்கிட்டு நிக்குது."

"நகத்திட்டுச் செருகுங்கக்கா."

"நான் ஏன் அத தொடறேன்? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா கிழவி தொட்டான்னு சொல்லுவ. ஏதோ ஒரு ஓட்டைதானே, இந்தக் கடைசில செருகறேன்."

செருகினார். இருட்டு லேபில் பச்சையாக ஒரு விளக்கு எரிந்தது.

"எரியுதே" என்றார் ஆ-ஜூ அக்கா, பெரிதாக ஒன்றும் இல்லாதது போல.

லியாவ் எழுந்து வந்து பார்த்தார். பதினாறாம் வாசலில் பச்சை விளக்கு. முதல் வாசலைத் திறக்கத்தானே உத்தரவு போட்டிருந்தது. கை தானாகப் போய், இரண்டாம் வாசலைத் திற என்று தட்டியது. பதினாறில் விளக்கு அணைந்தது. கேபிளைப் பிடுங்கிப் பதினைந்தில் செருகினார், எரிந்தது. மூன்று என்று தட்டினார். பதினாலில் எரிந்தது. நாலாவதைத் தட்டவில்லை.

புராசசரின் கையேடு, சிப்பின் கையேடு, இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்தார். நூறு, பத்து, ஒன்று என்பது போல எந்த எண்ணிலும் இடது ஓரம் பெரிய இடம், வலது ஓரம் சின்ன இடம். புராசசர் செய்தவர்கள் தங்கள் பதினாறு கம்பிக்கும் இடது ஓரத்திலிருந்து இலக்கம் போட்டிருந்தார்கள். சிப் செய்தவர்கள் வலது ஓரத்திலிருந்து போட்டிருந்தார்கள். இரண்டு பேரும் அவரவர் புத்தகத்தில் அதைத் தெளிவாகச் சொல்லியும் இருந்தார்கள். லியாவ் என்ன செய்தார் என்றால், இலக்கத்தைப் பார்த்துச் சுழியத்தைச் சுழியத்தோடும், ஒன்றை ஒன்றோடும், பதினைந்தைப் பதினைந்தோடும் சேர்த்துவிட்டார். படத்தில் பதினாறு கோடும் ஒன்றையொன்று வெட்டாமல் நேராக, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தன. அந்த அழகுக்காகவே அந்தப் பக்கத்தை அச்செடுத்துத் தன் மேசைத் தடுப்பில் குத்திவைத்திருந்தார்.

புராசசர் சொன்ன ஒவ்வொரு எண்ணும் சிப்புக்குக் கடைசியிலிருந்து முதலாகப் போயிருக்கிறது. திறக்கும் உத்தரவில் வாசலுக்கு ஒரு கம்பி என்பதால் முதல் வாசல் கடைசி வாசலாகிவிட்டது. எழுதும்போது ஒரு தடவை தலைகீழாகி, படிக்கும்போது இன்னொரு தடவை தலைகீழாகி நேராக வந்து நின்றிருக்கிறது. அப்படியானால் அந்த 9669? காகிதத்தில் ஒவ்வோர் இலக்கத்தையும் நாலு இடமாக, ஒன்றும் சுழியமுமாக விரித்து எழுதிப் பார்த்தார். 1001011001101001. இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் அதேதான். உலகத்தில் உள்ள அத்தனை எண்ணையும் விட்டுவிட்டு அவர்கள் அதைப் போய் அடையாளமாக வைத்திருக்கிறார்கள். அதற்குத்தான் இருபத்திரண்டு பால் டீ.

அறை எது என்று சொல்லும் முகவரிக் கம்பிகள் மட்டும் சரியாக இருந்தன. அவற்றை வரைந்தது துறையில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி. லியாவிடம் திட்டு வாங்கப் பயந்து இரண்டு புத்தகத்தையும் பார்த்து வரைந்திருந்தாள்.

பட்டியலை எடுத்தார். முப்பத்தேழாவது வரி: "இரண்டு சிப் சேரும் இடத்தில் ஒவ்வொன்றும் எந்த ஓரத்திலிருந்து எண்ணுகிறது என்று பார்த்தாயா?" அவரே எழுதியது. ஒன்பது வருஷத்துக்கு முன் பான் என்று ஒருவர் இதே தப்பைச் செய்தபோது, கூட்டத்தில் நிற்கவைத்து அந்த வரியை மூன்று முறை சத்தமாகப் படிக்கச் சொன்னார் லியாவ். பான் இப்போது பக்கத்து ஊரான ஜூபெய்யில் ஹாட்பாட் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். முப்பத்தேழுக்கு எதிரே சிவப்பு மையில் டிக் இருந்தது. கோணலில்லாத, அருமையான டிக். கீழே அவருடைய கையெழுத்து.

லியாவ் நாற்காலியில் உட்கார்ந்து புரோகிராமில் பதினோரு வரி எழுதினார். எழுதுவதற்கு முன்னால் எண்ணைத் திருப்பு, படித்த பின்னால் எண்ணைத் திருப்பு, அவ்வளவுதான். கேபிளைக் கடைசியிலிருந்து பிடுங்கி, பொட்டலத்தை நகர்த்தி, முதல் வாசலில் செருகினார். பச்சையாக எரிந்தது.

"சரியாயிடுச்சா?" என்றார் ஆ-ஜூ அக்கா.

"சரியாயிடுச்சு."

"எப்படி?"

"பொட்டலம்" என்றார் லியாவ்.

"அதானே. தேதி முடிஞ்சத வச்சா எங்கேருந்து கேக்கும்" என்று சொல்லிவிட்டு அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

விளக்குப் போட இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அந்தப் பத்து நிமிஷத்தை லியாவ் எப்படிக் கழித்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு நல்ல பெயர் கிடைத்துவிடும். முதலில் நிம்மதியாக இருந்தது. அறிக்கையில் ஒரு வரி சேர்த்தால் போதும்: சிப் எண்ணைத் தலைகீழாக வாங்குகிறது, எங்கள் தரப்பில் சமாளித்திருக்கிறோம். யாரும் படத்தைப் பார்க்கப் போவதில்லை. லியாவ் வரைந்த படத்தை யார் பார்ப்பார்கள்? பெயர் போகாது, போர்டும் வேலை செய்யும். அவள் மட்டும் வெள்ளிக்கிழமை மேசையைக் காலி செய்வாள். ஏன் என்று தெரியாத குறையுள்ள சிப்பை ஹுங் ஒரு நாளும் வாங்க மாட்டார்.

கதவுக்கு வெளியே பார்த்தார். நடைபாதை பெஞ்சில் சியூ-யுன் மடியில் பையை வைத்து, அதன் மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். விருந்தாளிக்கு ஒரு தலையணை கொடுக்க வேண்டும் என்று இத்தனை நாளில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. லியாவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக வந்தது. ஆறு பக்கத்தையும் எடுத்துக் கிழிக்கப் பார்த்தார், தடித்த தாள், ஒரே முறையில் கிழியவில்லை. இரண்டு இரண்டு பக்கமாகக் கிழித்தார்.

கூட்டத்துக்கு அவளுடைய மேலாளரும் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். உட்காரும்போதே, "எங்க பக்கம் எந்தக் குறை இருந்தாலும்" என்று ஆரம்பித்தார்.

"கொஞ்சம் இருங்க சார்" என்று லியாவ் எழுந்து நின்றார். கையில் பட்டியல். பானைப் படிக்கச் சொன்ன அதே குரலில் முப்பத்தேழாவது வரியைப் படித்தார்.

ஹுங் நிமிர்ந்தார். "இப்ப எதுக்கு இது?"

"இதுக்கு எதிர்ல டிக் போட்டது யாருன்னு பாருங்க. நான். கீழ கையெழுத்து என்னோடது. பாக்காம போட்டிருக்கேன். பதினாறு கம்பியையும் தலைகீழா இழுத்துட்டேன்."

ஹுங் பட்டியலை வாங்கி அந்த டிக்கைப் பார்த்தார்.

"அப்ப சிப்பு?"

"நல்ல சிப்பு. ஒம்பது நாளா நான் தலைகீழா சொன்னத எல்லாம் அப்படியே தலைகீழா செஞ்சிருக்கு. மொத வாசல தெறன்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன், அதுக்குப் போனது கடைசி வாசல தெறன்னு. அது ஒழுங்கா கடைசி வாசல தெறந்து வச்சுட்டு காத்திருந்திருக்கு. அங்க போய் பாக்கறதுக்கு எங்களுக்கு ஒம்பது நாள் ஆச்சு. அதுவும் நான் பாக்கல, ஆ-ஜூ அக்கா பாத்தாங்க."

ஹுங் பேனாவை மேசையில் உருட்டினார். "போர்டு எத்தன பண்ணியிருக்கோம்?"

"நாப்பது."

"தூக்கிப் போடணுமா?"

"வேணாம். புரோகிராம்ல திருப்பிக்கலாம், பதினோரு வரி. அடுத்த போர்டுல கம்பிய மாத்திடறேன்."

"அடுத்த படத்த யாரு சரிபாக்கறது?"

"முகவரிக் கம்பி வரைஞ்சாளே, அந்தப் பொண்ணு. அவ சிவப்புப் பேனாவ எடுத்துக்கட்டும்."

ஹுங் தன் மேசையிலிருந்த வேறு நிறுவனத்து சிப்பை எடுத்து டப்பாவுக்குள் போட்டு மூடினார். "சரி. இதையே வச்சுக்கலாம்" என்று மட்டும் சொன்னார். டை கட்டியவர் மூன்று முறை குனிந்து எழுந்தார். சியூ-யுன் நோட்டுப் புத்தகத்தில் எதையோ எழுதினாள். எழுதி முடித்த பின்னும் பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் புரோகிராம் எழுதுகிறவர்கள் அந்தப் பதினோரு வரிக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். லியாவ் என்று. புராசசர் சிப்போடு பேசும் ஒவ்வொரு முறையும் லியாவைக் கூப்பிட்டுத் தலைகீழாக்கிக்கொண்டுதான் பேச வேண்டும். விநாடிக்கு ஒரு லட்சம் முறை. லியாவ் பார்த்தார், மாற்றச் சொல்லவில்லை.

நடைபாதையில் சியூ-யுன் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"மிஸ் யென், ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

"தெரியாது சார்."

"தெரியாம, பதினாறையும் ஒரே அடியா தெறக்கலாமான்னு யாரும் கேக்க மாட்டாங்க. அப்படி தெறந்திருந்தா மொத வாசலும் எரிஞ்சிருக்கும்."

அவள் பையின் வாரை இழுத்து இறுக்கினாள். "நாலாவது நாள் சந்தேகம் வந்துச்சு. படம் பாக்காம எப்படி உறுதியா சொல்றது?"

"சந்தேகம்னாவது சொல்லியிருக்கலாமே. நேரா."

"வாங்கறவங்ககிட்ட, அவங்க லேபுலயே நின்னுக்கிட்டு, ஒங்க படம் தப்பு சார்னு எப்படி சொல்றது? அதுவும் லியாவ் சார்கிட்ட." குரலில் குத்தல் இல்லை. அதுதான் அவரை இன்னும் குத்தியது.

"வேல போயிருக்குமே."

"போயிருக்கும்" என்றாள்.

லியாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது இந்த மாடியில் செய்கிற ஒன்றே ஒன்றைச் செய்தார். சட்டைப்பையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்தார். "இன்னிக்கு டீ நான் வாங்கறேன், எல்லாருக்கும்" என்றார். இருபத்திரண்டு பேருடைய சர்க்கரையும் ஐஸும் அவருக்கு மனப்பாடம், மளமளவென்று எழுதினார். அவள் பெயரை எழுதியதும் பேனா நின்றது. இத்தனை நாள் அவள் வாங்கிவந்த டீயை அரைச் சர்க்கரையோடு, ஐஸ் இல்லாமல் உறிஞ்சிக் குடித்திருக்கிறார். அவள் கையில் எந்த டீ இருந்தது என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"ஒங்களுக்கு சர்க்கர எவ்வளவு?"

சியூ-யுன் வெந்நீர்க் குடுவையைத் தூக்கிக் காட்டினாள்.

"எனக்கு வயித்துக்கு ஒத்துக்காது சார். நான் டீயே குடிக்கறதில்ல."